பேர் விழாத நாட்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹட்டன் நகரில் பனிமூட்டம் முற்றாக விலகியிருப்பதில்லை. புகையிரத நிலையத்திலிருந்து மேலேறும் வீதியில், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த தாய்மார் கம்பளிச் சட்டையும் குடையுமாக நின்று மரக்கறிக்கு விலை பேசிக்கொண்டிருப்பர். அவ்வேளையில் கோவைகளைக் கையில் இடுக்கியபடி ஏழெட்டு இளைஞர்களும் யுவதிகளும் ஒரு துணிக்கடையின் மேல்மாடிக்கு ஏறிச் செல்வதைக் காண்பவர்கள், ஏதோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் என்றே எண்ணுவர். உண்மையில் அவர்கள் பரீட்சைகளையெல்லாம் முடித்தவர்கள். பேராதனையிலும் மொறட்டுவையிலும் பொறியியற் பட்டம் பெற்று, வீதி, நீர்வழங்கல், மின்சாரம் என்று பல துறைகளில் ஊழியம் பார்ப்பவர்கள். சிலர் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ குடிபெயர எண்ணியிருக்கிறார்கள். வேறு சிலர் ஏற்கெனவே குடிபெயர்ந்துவிட்டார்கள். அவர்களுடைய முகங்கள் மேசைமீதுள்ள கணினித் திரையில் தோன்றும். ரொறன்ரோவில் அப்போது சனிக்கிழமை இரவு. பகல் முழுவதும் பண்டசாலையில் பெட்டி தூக்கிவிட்டு, கண் எரிய எரிய அமர்ந்திருப்பார்கள்.

இவர்களுக்கு நாம் கணிதம் கற்பிப்பதில்லை; கட்டட நிர்மாணமும் கற்பிப்பதில்லை. தாம் செய்த வேலையைத் தாமே எடுத்துச் சொல்வதே எமது பாடம். இதற்கும் ஒரு வகுப்பா என்று வாசகர்கள் நகைக்கக்கூடும். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவர்தாம். அந்த நகைப்புக்குக் கொடுத்த விலையைப் பின்னர் சொல்வோம்.

வைத்தியரும் வழக்கறிஞரும் அனுமதிப்பத்திரம் பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்பது நம்மவருக்குத் தெரியும். பொறியியலாளருக்கும் அத்தகைய கட்டுப்பாடு உண்டென்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். கனடாவில் இதற்கெனச் சட்டப்படி அமைந்த சபைகள் மாகாணந்தோறும் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாதவர், எத்தனை பட்டம் பெற்றிருப்பினும், தம்மைப் பொறியியலாளர் என்று அழைத்துக்கொண்டு தொழில் நடத்த இயலாது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில் பட்டத்துக்கு மேல் 48 மாத வேலை அனுபவம் காட்டியாக வேண்டும். தொழிலொழுக்கமும் சட்டமும் பற்றிய பரீட்சை ஒன்றும் எழுத வேண்டும்.

இக்கட்டுப்பாடு வீண் தொந்தரவு என்று நாம் சொல்ல மாட்டோம். 1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி, கனடாவின் கியூபெக் நகருக்கு அருகில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பெரும்பாலம் ஆற்றில் சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். பாலத்தின் சொந்தப் பாரத்தையே குறைத்துக் கணித்திருந்தமை விசாரணையில் வெளிவந்தது. அவ்வளவு தூரம் போவானேன்? 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை மலையகத்தில் மறந்தவர் யார்? அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக்கும் நடவடிக்கைக்கும் இடையே கிடந்த இடைவெளியில் உயிர்கள் போயின. சரிவிலும் ஈரமண்ணிலும் வாழும் நமக்கு, பொறியியலாளரின் கையெழுத்து எத்தகைய பொறுப்புடையது என்பதை எவரும் விளக்க வேண்டியதில்லை. கையெழுத்திடுபவர் உண்மையாகவே வேலை அறிந்தவரா என்று உலகம் கேட்பது நியாயமே. அதை நிரூபிக்கும் வழியிலேதான் நம்மவர் தடுமாறுகின்றனர்.

இனி எமது கதை. டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்த நாம், எவ்வாறோ படித்துப் பேராதனையில் பட்டம் பெற்றோம். பதினாறு ஆண்டுகள் பாலமும் மதகும் நீர்த்தாங்கியும் கட்டும் வேலையில் உழன்றோம். 2000ஆம் ஆண்டளவில் குடும்பத்துடன் ரொறன்ரோ சென்று, பட்டச் சான்றிதழைப் பெருமையோடு நீட்டினோம். “நல்லது, எந்த வேலையில் எதை நீர் கணித்தீர்? எதை நீர் தீர்மானித்தீர்? எந்தப் பொறியியலாளர் உம்மை மேற்பார்வை செய்தார்? அவர் இதை எழுத்தில் உறுதிப்படுத்துவாரா?” என்று கேட்டார்கள்.

எமது பெட்டியில் இருந்ததெல்லாம் பழைய நிறுவனமொன்று கொடுத்த இரண்டு வரிக் கடிதம். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை வேலை செய்தார்; நன்னடத்தை உள்ளவர். அவ்வளவே. விரிவான கடிதம் கேட்டு எழுதினோம். அவ்வாறு கொடுப்பது வழக்கமில்லை என்று பதில் வந்தது. எம்மை மேற்பார்வை செய்தவர்களுள் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றொருவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தெரியவில்லை. எம்மிடம் குறிப்பேடும் இல்லை. பதினாறு ஆண்டு உழைப்பு எமது நினைவில் மாத்திரம் இருந்தது. நினைவைச் சாட்சியாக எவர் ஏற்பார்?

இதன் மேல் இன்னொரு விதி. அந்த 48 மாதங்களுள் 12 மாதமாவது கனடாவிலேயே, அங்கு அனுமதிப்பத்திரம் பெற்ற பொறியியலாளரின் கீழ் பெற்றதாக இருக்க வேண்டும். வேலை கேட்டால் கனடிய அனுபவம் உண்டா என்பார்கள். அனுபவம் பெற வேண்டுமாயின் வேலை கிடைக்க வேண்டும். பைத்தியம் தீர்ந்தால் கலியாணம், கலியாணமானால் பைத்தியம் தீரும் என்ற பழமொழியை எங்கள் பாட்டி சொல்லக் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அதன் பொருள் ரொறன்ரோக் குளிரில்தான் முழுமையாக விளங்கிற்று. ஈற்றில் ஓர் அலுவலகத்தில் பிறர் தயாரித்த வரைபடங்களைத் திருத்தி வரையும் உத்தியோகத்தில் அமர்ந்தோம். பதினான்கு வருடம் அதே கதிரையில் இருந்து ஓய்வு பெற்றுத் திரும்பினோம்.

திரும்பிய பின் ஒருநாள், தோட்டத்துப் பழைய பிரட்டுக்களத்தின் அருகே நின்றபோது எமக்கு ஒரு விஷயம் உறைத்தது. வெளிநாட்டுச் சபை எம்மிடம் கேட்டது புதிய கேள்வியே அன்று. அதை நமது மூத்தோர் நூறாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கிறார்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்பது வழக்கு. விதித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால்தான் அந்த நாள் நாளாகும். போடாமல் விட்டுவிட்டால், அட்டைக்கடியும் மழையுமாக மலையில் நின்றதெல்லாம் கணக்கில் வராது. எமது தாயார் மாலையில் வீட்டுக்கு வந்ததும் முதலாவதாக விசாரிப்பது, பேர் சரியாக விழுந்ததா என்பதைத்தான். பட்டம் பெற்ற மகனுக்கோ அந்தக் கவலை தோன்றவேயில்லை. பதினாறு ஆண்டுகள் பேர் போடாமல் வேலை செய்துவிட்டுக் கடல் கடந்து கூலி கேட்கப் போனோம்.

தாயாருக்கு முந்திய தலைமுறையில் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. இன்ன தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவரை விடச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். கடனோடு ஆளையும் கைமாற்றும் அந்த முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிந்தது. எங்கள் பாட்டனார் அக்காலத்தவர். தமது உழைப்பைப் பற்றிய கடதாசி பிறர் கையில் இருந்ததே அவரது துயரம். எமது உழைப்பைப் பற்றிய கடதாசி எவர் கையிலும் இல்லாமற் போனது எமது துயரம். பாட்டனாருக்கு எழுதவோ வாசிக்கவோ தெரியாது. எமக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இந்த எண்ணத்திலேதான் ஞாயிறு வகுப்பு ஆரம்பமாயிற்று.

கொட்டகலைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் இருக்கிறாள். தாயார் இன்றும் கொழுந்து பறிப்பவர். அவள் முதல் நாளே தனது கோவையை விரித்தபோது நாம் வியந்துபோனோம். நியமனக் கடிதம், மாதாந்த வேலை அறிக்கை, வரைபடப் பிரதி எல்லாம் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. இத்தகைய ஒழுங்கை எங்கே கற்றாய் என்று கேட்டோம். “அம்மாகிட்டதான் சேர். எங்க வீட்டுல ஒரு பிஸ்கட் தகரம் இருக்கு. சம்பளச் சீட்டு ஒன்னைக்கூட வெளியே போட விடமாட்டாங்க” என்றாள்.

தகரத்தின் கதை அவளுடைய அப்பாவின் தந்தையாரிடமிருந்து தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை வெளியே நிறுத்தியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இந்நாட்டில் இடையறாது வசித்ததை நிரூபித்தால் பதிவு செய்வோம் என்றது. தாத்தா விண்ணப்பித்தார். இங்கேயே பிறந்து, இங்கேயே முள்ளுக் குத்தி வளர்ந்தவர்தாம். ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லை. இடையில் சில ஆண்டுகளுக்குச் சான்றும் இல்லை. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்போதும் அந்தக் குடும்பத்தின் காரியம் இழுபறியிலேயே கிடந்தது. மீதமிருந்தோருக்கெல்லாம் உரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது தாத்தா உயிருடன் இல்லை. மருமகளாக அந்த வீட்டுக்கு வந்தவர், மாமனார் திண்ணையிலிருந்து புலம்பியதை ஆண்டுக்கணக்காகக் கேட்டவர். அன்று முதல் அவர் எந்தக் கடதாசியையும் எறிந்ததில்லை.

ஆகவே அப்பெண்ணிடம் சான்றுக்குக் குறைவில்லை. அவளுக்கு வந்த இடர் வேறு. அனுபவ விவரத்தை இவ்வாறு எழுதியிருந்தாள்: “எங்கள் குழு தோட்டப் பாதையொன்றில் தாங்குசுவர் அமைத்தது. நாங்கள் மண் பரிசோதனை செய்தோம். வேலை குறித்த காலத்தில் நிறைவெய்தியது.”

“இதில் நீ எங்கே, மகள்?” என்று கேட்டோம்.

“எல்லாரும் சேர்ந்துதானே சேர் செஞ்சோம். நான் செஞ்சேன்னு எழுதினா பெருமை பேசுற மாதிரி இல்லையா?”

இந்த ஒரு கேள்விதான் எமது வகுப்பில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப எழுவது. ‘நான்’ என்பதை அகந்தையின் அடையாளமாகக் கருதி வளர்ந்தவர்கள் நாம். லயத்தில் பத்துக் குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்களுக்குத் தன்மை ஒருமை நாவில் வராது. இக்கட்டுரையையே ‘நாம்’ என்று எழுதுபவர் பிறருக்கு ‘நான்’ என்று எழுதக் கற்பிப்பது வேடிக்கைதான். கட்டுரைக்கு ‘நாம்’ பொருந்தும். பாலம் எவருடைய கணக்கில் நிற்கிறது என்று கேட்கும்போது ‘நாம்’ பொருந்தாது. விழுந்தால் எவரைக் கேட்பது என்பதும் அதே கேள்வியாதலால்.

ஒன்ராறியோவில் இன்று விண்ணப்பிப்பவர் தமது அனுபவத்தை 7 பிரிவுகளில் அடங்கிய 34 திறமைகளின்கீழ் எடுத்துக்காட்ட வேண்டும். நிலைமை என்ன, நான் செய்தது என்ன, விளைந்தது என்ன என்பது ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கு. அந்த வேலையை நேரில் அறிந்தவர் அதை உறுதிப்படுத்த வேண்டும். அவுஸ்திரேலியாவில் குறிப்பிட்ட ஒரு பிரிவினர் மூன்று தொழில் அனுபவங்களைத் தன்மை ஒருமையிலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்பது விதி.

எனவே அப்பெண்ணிடம் கேள்விகளை அடுக்கினோம். மண்ணை எடுக்க இடம் குறித்தது யார்? கணக்கைப் போட்டது யார்? எங்கேனும் பிழை கண்டாயா? கண்டு என்ன செய்தாய்? சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர் மெல்லச் சொன்னாள். முதல் வரைபடத்தில் சுவருக்குப் பின்னால் நீர் வடிவதற்குப் போதிய வழி இல்லை. அடைமழைக்குப் பின் அவள் மட்டும் அந்தச் சரிவில் ஏறிப் பார்த்தாள். மண்ணிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. நீர் தேங்கினால் சுவரின்மீது அழுத்தம் எவ்வளவு கூடும் என்று இரவோடிரவாகக் கணித்தாள். சுவருக்குப் பின்னால் சரளைக்கல் நிரப்பவும், வடிதுளைகளைக் கூட்டவும் பிரதம பொறியியலாளருக்கு எழுதினாள். அவர் ஏற்றுக்கொண்டார். சுவருக்குக் கீழே இரண்டு லயங்கள் இருக்கின்றன.

இவ்வளவும் ‘எங்கள் குழு’ என்ற சொற்களுக்குள் புதைந்து கிடந்தன.

இதற்கு எதிரான குற்றமும் உண்டு. ஓர் இளைஞர் எல்லா வரியிலும் ‘நான்’ போட்டுக் கொண்டுவந்தார். விசாரித்ததில் பாதி வேலை வேறொருவருடையது. இன்னொருவர் காசு கொடுத்து எவரிடமோ எழுதி வாங்கிய கட்டுரையைக் காட்டினார். அத்தகைய கட்டுரைகள் கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சில காலத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் தடை விழும். அதைவிடப் பெரிய விஷயம், பொய்யான அனுபவத்தின்மேல் நாளை ஒரு சுவர் எழும் என்பதே. செய்யாத வேலைக்குப் பேர் போட்ட கணக்கப்பிள்ளையைத் தோட்டத்தில் எவரும் மதித்ததில்லை.

விதிகளெல்லாம் நீதியானவை என்று நாம் வாதாடவில்லை. கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதல் நோக்கிலேயே பாகுபாடாகும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2013ஆம் ஆண்டில் அறிவித்தது. மாகாண அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் பொறியியலாளர் சபை அந்த 12 மாத விதியை நீக்கியது. செய்தியைத் தொலைபேசியில் வாசித்தபோது எமது கண் கலங்கியதை மறைப்பானேன்? எமக்கு அது இருபது ஆண்டு பிந்தி வந்தது. எனினும் ஒன்றை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுகிறோம். கனடாவில் பெற்றதாயிருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் போயிற்று. 48 மாதமும் அதற்கான நிரூபணமும் போகவில்லை. இந்த மலையில் செய்த வேலையும் இப்போது கணக்கில் சேரும். ஆகவே இங்கே பேர் போட்டு வைப்பது முன்னிலும் முக்கியமாகிவிட்டது. பட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு அங்கத்துவம் பெற்ற பின், அது அங்கீகரித்த பட்டங்களுக்குப் பிற நாடுகளில் மதிப்பு எளிதாகக் கிடைக்கிறது. அனுபவத்தை அந்த உடன்படிக்கை உள்ளடக்குவதில்லை. அதை அவரவரே சுமந்து செல்ல வேண்டும்.

வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் வழி எளியது. முதல் நாளிலிருந்தே ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையேனும், என்ன இடர் வந்தது, என்ன கணித்தேன், ஏன் அவ்வாறு தீர்மானித்தேன் என்று திகதியிட்டு எழுதுங்கள். நிறுவனத்தின் இரகசியங்களை எழுத வேண்டா. உங்கள் பங்கை எழுதுங்கள். வேலை ஒன்று முடிந்தவுடன், மேற்பார்வை செய்தவர் அதே இடத்தில் இருக்கும்போதே, கடமைகளை விவரிக்கும் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் அவரும் மறந்திருப்பார், அலுவலகமும் மூடியிருக்கும். அவருடைய முகவரி மாறினால் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஒரு வாழ்த்து அனுப்புவதில் நட்டம் ஒன்றுமில்லை.

எம்மை நன்கறிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒருநாள் கடிந்துகொண்டார். “தோட்டத்துப் பிள்ளை ஒன்று பொறியியலாளராக வருவதே அபூர்வம். வந்ததையும் கப்பல் ஏற்ற வகுப்பு நடத்துகிறீரா?” அந்தக் கேள்வி எம்மைப் பல இரவு உறங்கவிடவில்லை. அதற்கு முழு விடை இன்றும் எம்மிடம் இல்லை. இம்மட்டும் சொல்லலாம்: அதே கொப்பி இங்கேயும் பயன்படும். இந்நாட்டில் பட்டயப் பொறியியலாளராக உயரவும் அனுபவத்தை எழுதிக் காட்டி மதிப்பீட்டுக்கு முன் நிற்கத்தான் வேண்டும். 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் பொறியியல் தொழிலில் உள்ளோரைப் பதிவு செய்யப் பேரவை ஒன்றையும் அமைத்திருக்கிறது. போகிறவருக்கும் இருக்கிறவருக்கும் பாடம் ஒன்றே.

எழுதி வைத்ததன் பயனுக்கு நமது மலையிலேயே சான்று உண்டு. விமலசுரேந்திரா என்ற பொறியியலாளர், லக்சபானப் பக்கத்து நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்ற தமது கணிப்பை 1918ஆம் ஆண்டில் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் கட்டுரையாகப் படித்தார். வேலை தொடங்கி, தடைப்பட்டு, லக்சபான மின்நிலையம் இயங்க 1950ஆம் ஆண்டு ஆயிற்று. முப்பத்திரண்டு ஆண்டு! இன்று நோட்டன் பிரிட்ஜில் உள்ள மின்நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அணைகளுக்கு மண் சுமந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எவர் எதைச் செய்தார் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. விளக்கின் அடியில் இருள் என்பது போல, அந்நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருந்த லயங்கள் பல ஆண்டு குப்பிவிளக்கிலேயே இருந்தன.

சென்ற மாதம் கொட்டகலைப் பெண் தனது விவரத்தைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தாள். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னோம். “அடைமழைக்குப் பின் நான் சரிவை நேரில் பார்வையிட்டேன்” என்று தொடங்கும்போது குரல் சற்று நடுங்கிற்று. இரண்டாம் வரியில் நடுக்கம் நின்றது. திரையில் ரொறன்ரோவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், தமது பழைய பிரதம பொறியியலாளருக்கு நாளையே எழுதப்போவதாகச் சொன்னார். அப்பெண் கனடாவுக்குப் போவாளா, இங்கேயே இருப்பாளா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை நாம் கேட்பதுமில்லை. அந்தத் தாளின் பிரதி ஒன்றைத் தாயார் பிஸ்கட் தகரத்தில் வைத்துவிட்டாராம். அவருக்கு அதை வாசிக்கத் தெரியாது. என்றாலும் அது எதற்கென்று நன்றாகத் தெரியும்.

வாசகர்களின் வீட்டில் இவ்வாண்டு வேலைக்குச் சேர்ந்த பிள்ளை இருந்தால், இன்று மாலை அது வீட்டுக்கு வந்ததும் எமது தாயார் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: இன்றைய பேர் விழுந்ததா?